அம்மாவுக்கு இரண்டு கிளினிக்கல் டிரையல் (நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி) சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது என்று குடும்பமாக எப்படி முடிவெடுப்பது?

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, முதல் கீமோ கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டாக்டர் உள்ளூர் டிரையலைச் சொல்கிறார், இன்னொருவர் வெளியூரில் புது மருந்து டிரையலைச் சொல்கிறார். அண்ணன் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், சித்தி இரண்டுமே வேண்டாம் என்கிறார். அம்மா என்ன சொல்கிறார் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் முதல் பத்து நாள் அப்படித்தான் போனது.

என் அப்பாவுக்கு வந்தது வாய்ப்புற்று. கன்னத்தின் உட்புறம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருஷத்தில் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. அப்போதுதான் இந்த டிரையல் பேச்சு. ஒன்று சென்னையில்: ஏற்கெனவே கடைகளில் கிடைக்கிற மாத்திரைகளோடு ஒரு ஊசி மருந்தையும் சேர்த்தால் பலன் கூடுமா என்று பார்ப்பது. யாருக்கு ஊசி, யாருக்கு மாத்திரை மட்டும் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும். இன்னொன்று பெங்களூரில்: அதுவரை சந்தைக்கே வராத ஒரு மருந்து, முதல் கட்டம்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ராத்திரி முழுக்க இணையத்தில் படித்துவிட்டு, "புதுசுக்கே போகலாம், பழைய மாத்திரையை வைத்துக்கொண்டு என்ன டிரையல்?" என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. பெங்களூர் டாக்டர்தான் எங்களை நிதானப்படுத்தினார், அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். முதல் கட்டத்தின் முக்கியமான கேள்வி, இந்த மருந்தை உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் என்றார். மூன்று மூன்று பேராகச் சேர்ப்பார்கள். முதல் மூன்று பேருக்குச் சிறிய அளவு, பெரிய தொந்தரவு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கொஞ்சம் கூட்டி, இப்படிப் படிப்படியாக. "எங்கள் அப்பா எந்தப் படியில் வருவார்?" என்று கேட்டேன். இரண்டாவது படி. அந்த அளவு வேலை செய்யவே போதாமலும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார்.

இதை வைத்து முதல் கட்டம் என்றாலே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவின் விஷயம் வேறாக இருக்கலாம். நுரையீரல் புற்றில் மரபணு மாற்றத்துக்கேற்ற மாத்திரைகள் வந்த கதை தெரியுமா? இன்று இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு எடுத்ததுமே தரப்படும் ஓசிமெர்டினிப், 2015-இல் வெளியான அதன் ஆரம்பக்கட்ட டிரையல் முடிவிலேயே, டி790எம் என்ற மாற்றம் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்குக் கட்டியைச் சுருக்கியிருந்தது. அந்த மாற்றம் இல்லாதவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. ஆகவே அம்மாவின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தப் புது மருந்து இதில் எதைக் குறிவைக்கிறது?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. பொத்தாம் பொதுவாக வந்தால் யோசியுங்கள்.

அப்புறம் கன்சென்ட் ஃபார்ம், அதாவது டிரையலில் சேரச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும் படிவம். சென்னையில் கொடுத்தது இருபத்துநாலு பக்கம். தமிழில்தான் இருந்தது, ஆனால் குலுக்கிப் போடுவதை "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்கிற மாதிரித் தமிழ். அரைமணி நேரத்தில் கையெழுத்துப் போடுங்கள், டாக்டர் கிளம்பிவிடுவார் என்றார் அங்கே ஃபைல் பார்க்கிற பெண். அவசரப்பட்டுப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போக உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் எடுத்து வந்து, கூடத்தில் அப்பாவை நடுவில் உட்காரவைத்து, நான் சத்தமாக வாசித்தேன். நாலாவது பக்கத்தில் அப்பா நிறுத்தினார்.

"பாப்பா, டிக்கெட் வாங்கின பிறகு நடுவழியில் இறங்கலாமா?"

இறங்கலாம். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம், வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அவருடைய அடுத்த கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றாதது. "இதில் இறங்கி அதில் ஏற முடியுமா?"

எங்கள் முடிவை மாற்றியது இந்தக் கேள்விதான். பல டிரையல்களில் இதற்கு முன் எத்தனை மருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். முந்தைய மருந்து உடம்பைவிட்டுப் போக வேண்டும் என்று சில வாரம் சும்மா இருக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் நோய் சும்மா இருக்காது. நடமாட்டம் குறைந்து படுத்தே இருக்கும் நிலை வந்தால் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள். நாங்கள் இரண்டு இடத்திலும் கேட்டோம். சென்னை முடிந்து பெங்களூருக்குப் போக வழி இருந்தது. பெங்களூரில் ஆரம்பித்தால் சென்னைக் கதவு மூடிவிடும்.

"அப்போ நான் எலியா?" என்றும் கேட்டார், சிரித்துக்கொண்டேதான். சென்னை டாக்டர் அதற்கு நல்ல பதில் சொன்னார். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஒரு டிரையலைச் சொன்னார். அப்பாவைப் போலவே முற்றிய தலை, கழுத்துப் புற்று (வாய்ப்புற்றும் இதில் சேரும்) உள்ள 151 பேர். எல்லாருக்கும் மாத்திரைகள், பாதிப் பேருக்குக் கூடவே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் நிவோலுமாப் ஊசி வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240. அந்தச் சின்ன அளவிலேயே ஒரு வருஷம் உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆனார்கள். பழைய மருந்து என்று அண்ணன் ஒதுக்கியதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலையில் மருந்தைக் கண்டுபிடிக்கவும் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

காசு விஷயம் சுருக்கமாக. டிரையல் மருந்தும் அதற்கான பரிசோதனைகளும் பெரும்பாலும் இலவசம், ஆனால் எதெல்லாம் என்று எழுத்தில் கேளுங்கள். அரசின் 2019 கிளினிக்கல் டிரையல் விதிகளின்படி டிரையலால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும், இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் டிரையல்களைப் பதியும் அரசு இணையதளம்) பதிவு எண் இல்லாத டிரையல் பக்கம் போகாதீர்கள். அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டால் விவரம் எல்லாருக்கும் தெரியும். சிகிச்சைக்கு ரயிலில் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 விழுக்காடு.

நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். எங்கள் பெரியப்பா ஒரு லேகியத்தை டிபன் பாக்ஸில் ஒளித்துக் கொண்டுவந்தார். டிரையல் நடக்கும்போது அதெல்லாம் கூடாது என்று ஃபார்மிலேயே இருந்தது. அவரைச் சமாதானப்படுத்தியது கன்சென்ட் ஃபார்மைப் புரிந்துகொண்டதைவிடப் பெரிய வேலை.

கடைசியில் அப்பா சென்னை என்றார். பெங்களூரில் முதல் நாளே மணிக்கணக்கு வைத்து ஏழெட்டு முறை ரத்தம் எடுப்பார்களாம், அவர் கையில் நரம்பே கிடைக்காது. அதைவிட முக்கியமாக, திருச்சியில் வீட்டிலிருந்தே மாத்திரை போட்டுக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை போனால் போதும்.

குலுக்கலில் மாத்திரை மட்டும் உள்ள குழு விழுந்தது. அண்ணன் போனில் அழுதான், உடனே விலகச் சொன்னான். நானும் அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் புற்றுநோய் டிரையலில் பெரும்பாலும் அந்தக் குழுவுக்குச் சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுத்து ஏமாற்றுவதில்லை, நடப்பில் உள்ள சிகிச்சை கிடைக்கும். அப்பாவுக்கு அதுவே பத்து மாதம் தாக்குப்பிடித்தது. தினமும் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுத ஒரு நோட்டு தந்திருந்தார்கள். டிரிப் ஷீட் எழுதுவது போல ஒரு நாள் விடாமல் எழுதினார். பெங்களூருக்குப் போகலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் இப்போதும் கேட்பான். என்னிடம் பதில் இல்லை.

நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவுக்கு முதலில் பயாப்சி எடுத்த இடத்தில் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். எந்த டிரையலும் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கும். எங்களுக்கு அதைத் தர ஒன்பது நாள் இழுத்தடித்தார்கள், அதற்குள் சென்னையில் ஒரு இடம் நிரம்பி, அடுத்த இடத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடிதம் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.