அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா?

உண்டு. "தனியாரில் பணம் கட்டுகிறோம், தட்டிக் கேட்கலாம், இலவசமாகப் படிக்கும் இடத்தில் எந்த முகத்தோடு கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில், கட்டணம் கட்டும் பெற்றோருக்குச் சட்டம் தராத ஓர் இடத்தை அரசுப் பள்ளிப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோராக இருந்தனர்.

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் வேலை. நடைமுறையில், பதிவேட்டை நீட்டுவார்கள், தாய்மார்கள் படிக்காமலே கையெழுத்திடுவார்கள், தேநீரோடு கூட்டம் முடிந்துவிடும். பெற்றோர் தம் உரிமையை இழப்பது பெரும்பாலும் அந்தக் கையெழுத்தில்தான் என்பது என் கருத்து.

என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நானும் குழு உறுப்பினர். அங்கே பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்து கிடந்தது. கழிப்பறைக்குப் போக நேருமே என்று பயந்து பிள்ளைகள் காலையில் கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை அப்படியே நிறைவாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததைப் பார்த்துத்தான் தாய்மார்களுக்கே விஷயம் தெரிந்தது. தலைமை ஆசிரியர் பலமுறை தொலைபேசியில் சொல்லியும் அசையாத வேலை, எந்தக் குழாய், எத்தனை நாளாக, எத்தனை பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்று நாங்கள் குழுவின் தீர்மானமாக எழுதி, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிய பிறகு நடந்தது. அத்தீர்மானத்தைக் கண்டு தலைமை ஆசிரியர் வருத்தப்படவில்லை. மேலிடத்தில் பேச அது அவருக்கே துணையாயிற்று. பெற்றோர் கேட்டால் ஆசிரியர் பகைத்துக்கொள்வார் என்று நீங்கள் அஞ்சுவதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

படிப்பைப் பற்றியும் கேட்கலாம். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரை அழைத்துத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆம் பிரிவு. அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக வேறு அரசுப் பள்ளி உங்கள் பிள்ளையைச் சேர்க்க மறுக்கவும் கூடாது.

ஆனால் எதுவெல்லாம் உரிமை ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியலினத்துப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் மீது வழக்குப் பதிவானது. அதுவே சரியானது. என் பிள்ளை யார் சமைத்ததை உண்பது, யார் அருகில் அமர்வது என்பதைச் சாதி பார்த்துத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. பொதுப் பள்ளி என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, குழுவில் பேசும்போது நாம் பேசுவதும் அவர்கள் எல்லோருக்காகவும்தான்.

குழுவில் தீராத குறையை எழுத்தில் உள்ளாட்சி அமைப்புக்குக் கொடுத்தால், 32-ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம். கூட்டம் பகல் வேளையில் நடப்பதால் கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் வர முடியவில்லை என்றால், முதல் தீர்மானமாக நேரத்தை மாலைக்கு மாற்றக் கேளுங்கள். கையெழுத்திடும் முன் பதிவேட்டில் எழுதியதை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும் என்பதை இரண்டாவதாக வையுங்கள்.