திருப்பி வைக்கத் தோதான வரிசை

கேள்வி: மாமா கொடுத்துவிட்டுப் போன 60 இசைத்தட்டுகளில் ஆரம்பித்தது. பிறகு நானும் வாங்க ஆரம்பித்து இப்போது 400-ஐத் தாண்டிவிட்டது. பாதியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், மீதியைச் சுவரில் சாய்த்தும் வைத்திருக்கிறேன். சில உறைகளில் வட்டமாகத் தேய்ந்த தடம் தெரிகிறது. நான்கைந்து தட்டுகள் ஓடும்போது ஊசி மேலும் கீழும் ஆடுகிறது. கேட்க நினைக்கிற தட்டு தேடும்போது கிடைப்பதில்லை. இருப்பது தெரியாமல் ஒன்றை இரண்டாம் முறை வாங்கியும்விட்டேன். மாமாவின் தட்டுகளில் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகையும் சில உண்டு. இவற்றை எங்கே, எப்படி வைப்பது? எந்த வரிசையில் அடுக்குவது?

பதில்: வரிசையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த அடுக்கை இன்றைக்கே கலைத்து, தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். அலமாரி வரும்வரை உறுதியான அட்டைப்பெட்டிகள் போதும். நீங்கள் சொல்லும் வட்டத் தடம் எடையால் வந்தது. பெரும்பாலான எல்.பி. (12 அங்குலப் பெரிய) தட்டுகளில் விளிம்பும், லேபிள் ஒட்டிய நடுப்பகுதியும் மற்ற இடத்தைவிடச் சற்றுத் தடித்திருக்கும். மேலிருந்து பாரம் இறங்கும்போது அந்த மேடுகள் அட்டையில் அழுந்தி அச்சைத் தேய்க்கின்றன. உள்ளே சிக்கிய தூசியும் அதே பாரத்தில், தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களில் பதிகிறது.

சாய்ந்து நிற்பவை வேறு விதமாகக் கெடுகின்றன. எல்.பி. தட்டுகள் வினைலால் ஆனவை; அது பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக், சூட்டில் இளகும். மாதக்கணக்கில் சாய்ந்தே நிற்கிற தட்டு, அறை கொஞ்சம் சூடானாலும் தன் எடையாலேயே மெல்ல வளையும். ஊசி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே செங்குத்தாக, சாயாமல், அதே சமயம் நெருக்காமல் வைக்க வேண்டும். ஒரு தட்டை உருவும்போது பக்கத்துத் தட்டு கூடவே வந்தால் இறுக்கம் அதிகம். உருவிய பிறகு மற்றவை சரிந்தால் இறுக்கம் போதாது. 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு தடுப்பு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது. தடுப்பு உறையின் முழு உயரத்துக்கும் இருக்கட்டும்; பாதி உயரத் தடுப்பின்மேல் சாய்கிற தட்டு அந்த இடத்திலேயே மடங்கப் பார்க்கும். 7 அங்குலச் சின்னத் தட்டுகளை 12 அங்குலத் தட்டுகளுக்கு நடுவில் செருகாதீர்கள். அழுத்தம் ஒரு பகுதியில் மட்டும் விழும்.

அலமாரி வாங்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். உறையோடு சேர்ந்து ஒரு எல்.பி. கிட்டத்தட்ட கால் கிலோ இருக்கும். உங்கள் 400 தட்டுகள் 100 கிலோவுக்குக் குறையாது. சாதாரணப் புத்தக அலமாரியின் நீளமான பலகை இந்தப் பாரத்தில் நடுவில் தொய்ந்துவிடும். சுமார் 33 செ.மீ. அகலம், உயரத்தில் தனித்தனி அறைகளாகப் பிரித்த அலமாரிதான் சரி. ஓர் அறையில் 60 முதல் 70 தட்டுகள் நிற்கும். ஆழமும் 32 செ.மீ.க்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் உறை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இணைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

இடம் தேர்ந்தெடுப்பதில் வெயில் படக் கூடாது, ஓதம் ஏறும் சுவர் கூடாது, ஆம்ப்ளிஃபயருக்கு மேலே கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டால் தண்ணீர் கொட்டினாலும் தட்டுகள் தப்பிக்கும். 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் ஆவணக் காப்பகங்கள் விரும்பும் அளவு. வீட்டில் அதை அப்படியே பிடிப்பது கஷ்டம். வெப்பமும் ஈரமும் அடிக்கடி ஏறி இறங்காத அறையாக இருந்தால் போதும். ஈரம் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அட்டையின் பசையைத் தேடி ராமபாணப் பூச்சியும் வரும்.

உறை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய காகித உள்ளுறை ஒவ்வொரு முறை உருவும்போதும் தட்டை உரசுகிறது, நார்த்துகளையும் உதிர்க்கிறது. அதற்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். பாடல் வரிகளோ படங்களோ அச்சான பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெறுமனே அட்டைக்குள் இருக்கட்டும். உள்ளுறையின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி அட்டைக்குள் செருகினால் தூசியும் நுழையாது, தட்டும் வழுக்கி வெளியே வராது. அட்டைக்கு மேலே போடும் உறைக்கும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன்தான் நல்லது. கெட்டியாக, பளபளவென்று இருக்கும் பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள். அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் நாளடைவில் தட்டின்மேல் மங்கலான படலமாகப் படியும், துடைத்தாலும் போகாது. புதுத் தட்டைச் சுற்றி வரும் இறுக்கமான பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிடுங்கள். அது மேலும் சுருங்கி உறையையே வளைத்துவிடக்கூடும்.

இனி வரிசை. தட்டைச் சட்டென்று எப்படி எடுப்பது என்பதை வைத்துத்தான் பலரும் வரிசையை முடிவு செய்கிறார்கள். நான் கேட்பது வேறு: இரவு பதினொரு மணிக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, கேட்டு முடித்த தட்டை யோசிக்காமல் அதன் இடத்தில் வைக்க முடிகிறதா? முடியாவிட்டால் தட்டு பிளேயர் பக்கத்திலேயே தங்கும், மறுநாள் அதன்மேல் இன்னொன்று சேரும், மாதக் கடைசியில் பழைய அடுக்கு திரும்பவும் வந்துவிடும். எத்தனையோ நல்ல சேகரிப்புகள் குலைந்தது இப்படித்தான்.

இந்தக் கண்ணோடு பாருங்கள். இசை வகையை வைத்து நுணுக்கமாகப் பிரித்தால் பாதி ஜாஸ், பாதி ராக் ஆன தட்டு எங்கே போகும் என்று ஒவ்வொரு முறையும் வழக்கு நடக்கும். ஆண்டு வரிசையில், பாட்டு பதிவான ஆண்டா, கையில் இருக்கும் மறுபதிப்பின் ஆண்டா என்று குழப்பம் வரும். மனநிலையை வைத்து அடுக்கினால் மனநிலை மாறிய அன்றே வரிசை பொய்யாகிவிடும். யோசனையே தேவைப்படாதது அகர வரிசைதான். முதலில் மூன்று நான்கு பெரிய பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அகர வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயரை வைத்து அடுக்குவது என்பது பிரிவுக்குப் பிரிவு மாறலாம். தனிக் கலைஞர், குழு என்றால் கலைஞர் பெயர். மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு அதை இயற்றியவர் பெயர்; ஒரே தட்டில் இருவர் இருந்தால் முதல் பக்கத்தில் இருப்பவர். திரைப்படத் தட்டுகளுக்குப் படத்தின் பெயர், ஏனென்றால் உறையின் முதுகில், அதாவது அலமாரியில் வெளியே தெரியும் ஒல்லியான ஓரத்தில், அச்சாகியிருப்பது அதுதான். பலர் பாடிய தொகுப்புகள் எல்லாம் கடைசி அறையில், தலைப்பு வரிசையில். முதுகில் எந்த மொழி இருந்தாலும் ஒரே அகர வரிசை, பெயரை நீங்கள் வாயால் சொல்கிறபடியே. அப்புறம், இந்த விதிகளை ஒரு சீட்டில் எழுதி அலமாரியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யார் கேட்டாலும் அதே இடத்தில் திரும்ப வைப்பார்கள்.

400 தட்டுகளுக்கு ஓர் எழுத்துக்குள் மேலும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ‘ம’ என்ற தடுப்புக்குப் பின்னால் இருபது தட்டுகள் இருந்தால் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். தேடி வந்ததை விட்டுவிட்டு மறந்தே போயிருந்த வேறொன்றைக் கையில் எடுப்பதும் அப்போதுதான் நடக்கும், அந்தச் சந்தோஷத்தை விட்டுவிடாதீர்கள். ஆயிரத்தைத் தொடும்போது இன்னும் நெருக்கமாகப் பிரிக்கலாம். எழுத்தைத் தடுப்பின் விளிம்பில் எழுதுங்கள். உறையின்மேல் பேனாவும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம்.

பிளேயருக்குப் பக்கத்தில் இருபது தட்டுகள் நிற்கிற சின்னப் பெட்டி ஒன்று வையுங்கள். இந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்பவை அங்கே நிற்கட்டும். பெட்டி நிறைந்தால் பழையவை அலமாரிக்குத் திரும்ப வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

சேகரிப்பு வளரும் என்பதால் ஒவ்வோர் அறையிலும் கால் பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். கடைசியில் ஓர் அறையை முழுதாகக் காலியாக விடுவதால் பயனில்லை. ‘அ’-வில் ஒரு புதுத் தட்டு வந்தால் மொத்த அலமாரியையும் நகர்த்த வேண்டிவரும். காலி இடத்தில் தட்டுகள் சரியாமல் இருக்க கனமான புத்தகத் தாங்கி ஒன்றை நிறுத்துங்கள். புதிதாக வருபவை, முக்கியமாகப் பழைய தட்டுகள், நேராக வரிசைக்குள் போகக் கூடாது. சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, புது உள்ளுறை போட்ட பிறகுதான் இடம். பூஞ்சணம் தெரிகிற உறையைத் தனியே வையுங்கள்.

இரண்டாம் முறை வாங்குவதைத் தடுக்க ஒரு பட்டியல் வேண்டும், அது உங்கள் போனில் இருக்க வேண்டும். 2000-இல் தொடங்கிய, இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் இலவசமாகவே சேகரிப்பைப் பதிந்துகொள்ளலாம். வெறும் எக்செல் தாளும் போதும். பெயர், கலைஞர், நிறுவனம், முதுகில் உள்ள பட்டியல் எண், இவை போதுமானவை. ஒரே ஆல்பம் பல பதிப்புகளாக வந்திருக்கும். உங்களிடம் இருப்பது எது என்று அறிய, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரையுள்ள வெற்று வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே சின்னதாகச் சில எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் 78 சுற்றுத் தட்டுகளை அலமாரியின் தனி அறை ஒன்றில் வையுங்கள். அவை பெரும்பாலும் அரக்குக் கலவையில் செய்தவை, கீழே விழுந்தால் உடையும். ஆல்கஹால் கலந்த சுத்தம் செய்யும் திரவம் அரக்கைக் கரைத்துவிடும், அதை அவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றின் பள்ளம் எல்.பி.யுடையதைவிட அகலமானது என்பதால் அதற்கென்று தனி ஊசியும் வேண்டும்.

வளைந்துபோன நான்கைந்து தட்டுகளை அடுப்புச் சூட்டிலோ வெயிலிலோ வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். தட்டு நேராகலாம், ஆனால் அதே சூட்டில் பள்ளங்கள் வடிவம் இழந்து பாட்டு கெட்டுவிடும். ஊசி தாவாமல் ஓடுகிறதென்றால் அப்படியே கேளுங்கள். தாவினால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தித் தட்டை நிமிர்த்தும் கருவி வைத்திருக்கிற இசைத்தட்டுக் கடை ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதலில் அதிகம் ஆசைப்படாத ஒரு தட்டைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மாமாவுடையதைக் கொடுக்கலாம்.