எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தில் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை: புதியது வாங்கிவிடலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தும் வீட்டு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை, பம்ப் போய்விட்டதா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். என் இயந்திரத்தில் இதே கோளாறு வந்தபோது, பழுதுபார்க்க வந்தவர் சத்தத்தைக் கேட்டவுடனேயே பம்பை மாற்ற வேண்டும் என்றார்; மாற்றியும் விட்டார்; தண்ணீர் வரவில்லை. கழற்றிய பழைய பம்ப் எந்தக் குறையும் இல்லாமல் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அன்று நான் செய்திருக்க வேண்டியது, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் திருகாணி ஒன்றையும் கழற்றாமல் முதலில் கண்டுபிடிப்பதுதான்.

தொட்டியிலிருந்து பம்ப், அங்கிருந்து கொதிகலன், பிறகு சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான்), கடைசியாகக் குரூப் தலையும் (கைப்பிடியைப் பூட்டும் பகுதி) அதன் சல்லடைத் தகடும்: பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் தண்ணீர் செல்லும் பாதை ஏறத்தாழ இவ்வளவுதான். முதல் சோதனை, காபித் தூள் உள்ள கைப்பிடியைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓடவிடுவது. அப்போது தண்ணீர் தாராளமாக வந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் பழுது இல்லை. தூள்தான் அளவுக்கு மீறிப் பொடியாக இருக்கிறது, அல்லது அளவு கூடிவிட்டது. சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளை இதில் போட்டு அடைத்துக்கொண்ட அனுபவம் எனக்கே உண்டு; பித்தளை ஃபில்டரில் பொறுமையாக இறங்குகிற அந்தத் தூள் இங்கே சேறாகி வழியை மறித்துவிட்டது.

கைப்பிடி இல்லாமலும் வரவில்லை என்றால், நீராவிக் குழாயின் திருகைத் திறந்து, வெந்நீர் வரும் நிலையில் பம்பை ஓடவிடுங்கள். அங்கும் வரவில்லையென்றால் தொட்டிக்கும் கொதிகலனுக்கும் இடையில்தான் கோளாறு. தொட்டி காலியாகி உள்ளே காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். காற்றை மட்டும் இழுக்கும் பம்ப் கடகடவென்று உரத்துக் கத்தும். தண்ணீரை அழுத்தும்போது அதே பம்பின் ஓசை தாழ்ந்து கனத்துவிடும். தொட்டியை நிரப்பிச் சரியாக அமர்த்தி, திருகைத் திறந்தபடியே சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்தி மீண்டும் ஓடவிட்டால் காற்று வெளியேறிவிடும். தொடர்ந்து ஓடவிடக் கூடாது: இத்தகைய அதிர்வுப் பம்புகள் பலவற்றின் மேல் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் ஓய்வு என்றே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கம்பிச்சுருள், ஒரு சுருள்வில், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசையும் ஒரு சிறு உந்துதண்டு என்று எளிமையான அமைப்பு அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த எண்ணிக்கை. பெட்டியின் மேல் பெருமையாக அச்சிடும் 15 பார் என்பது அந்தப் பம்பின் உச்ச அழுத்தம். காபிக்குத் தேவை 9 பார் அளவுதான்.

நீராவிக் குழாயில் தண்ணீர் வேகமாக வந்து, குரூப் தலையில் மட்டும் வரவில்லை என்றால், பம்பைக் குறை சொல்ல இடமில்லை. தொட்டிக்குள் பாருங்கள், பல இயந்திரங்களில், வெளியேற வழியில்லாத தண்ணீரை அழுத்த வால்வு ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். என் வீட்டில் அது அப்படித்தான் ஒழுகிக்கொண்டிருந்தது, வந்தவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அடைப்பு சோலினாய்டு வால்வில் இருந்தது. அதற்குக் காரணமும் நானே: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு ஆண்டுகள் ஊற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ஞானோதயம் வந்து, எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) தாராளமாகக் கரைத்து உப்புப் படிவை நீக்கினேன். கொதிகலனின் சுவரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு முழுதாகக் கரையாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து, வால்வின் குண்டூசி முனை போன்ற துளையில் போய் அமர்ந்துவிட்டது.

அதைக் கழற்றுவது கடினமன்று, ஆனால் செருகியைப் பிடுங்கி, இயந்திரம் முற்றிலும் ஆறிய பிறகு, நீராவித் திருகைத் திறந்து மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றிவிட்டே மேல்மூடியில் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் இயந்திரத்தில் கம்பிச்சுருளைப் பிடித்திருக்கும் மரையைக் கழற்றியவுடன் உள்ளிருந்த தண்டும் சிறு சுருள்வில்லும் கையோடு வந்தன. அவற்றுக்கு அடியில் வெள்ளையாக, அரிசிக் குருணை அளவில் நான்கைந்து துகள்கள். நீர்த்த எலுமிச்சை உப்புக் கரைசலில் உலோகப் பகுதிகளை ஊறவைத்து, துளையை மெல்லிய நைலான் இழையால் சுத்தம் செய்தேன். ஊசியால் குத்தினால் வால்வு அமரும் விளிம்பு கீறி, அது நிரந்தரமாக ஒழுகத் தொடங்கும். ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தால் அதே அளவில் புதியவற்றை உணவுத்தரச் சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டுவிடுங்கள்.

இப்போது லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு என்ற அளவில், கொதிக்கவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன். அலுமினியக் கொதிகலன் என்றால் கையேட்டைப் பார்க்காமல் எந்த அமிலத்தையும் ஊற்ற வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் முழுத் தீர்வாகாது. தாது உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாகக் கடக்காததால், மின்முனையைக் கொண்டு நீர்மட்டத்தை அறியும் இயந்திரங்கள் தண்ணீர் இருந்தும் இல்லை என்று தவறாக எண்ணக்கூடும்.

இயந்திரத்தைப் போட்டவுடன் வீட்டின் மின்கசிவுத் தடுப்புச் சுவிட்ச் விழுந்தால், சூடாக்கும் கம்பியில் கசிவு இருக்கக்கூடும். அங்கே நிறுத்திவிட்டு, தெரிந்த மின்பணியாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் அதே வெப்ப அளவுள்ள வேறொன்றைத்தான் போட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இயந்திரத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடாக்கும் கம்பி கொதிகலனோடு சேர்த்தே வார்க்கப்பட்டு, அந்த உதிரிப் பாகமும் கிடைக்காத நிலையில்தான் புதியது வாங்குவதைப் பற்றி நான் யோசிப்பேன். நீங்கள் சொல்லும் அறிகுறியில் அதற்கான தடயம் ஏதும் இல்லை.