பங்குனியைச் சொன்னீர்களா?

அன்புள்ள ஐயா,

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தம்பி இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு எழவில்லை. கோயம்புத்தூரில் டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். போன பங்குனியில் இவனேதான் மூன்று மணி நேரத் தூக்கத்தோடு ஓடியாடி, கடன் வாங்கி இரண்டு ஆட்டோ எடுத்தான். 'பையன் தேறிட்டான்' என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு நர்ஸ் பைபோலாராக இருக்கலாம், எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் அது என்கிறார். டாக்டருக்குத் தெரியாதா?

ஓர் அக்கா

அன்புள்ள சகோதரி,

பங்குனியை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். படுத்துக் கிடப்பவனைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். ஓடியாடுகிறவனை யார் கூட்டிப்போவார்?

நான் டாக்டர் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன். சித்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருந்த என் சித்தப்பா, பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒரு ஜோடி மாடு வாங்கப் போய் ஏழு ஜோடியோடு வந்தார். விடிய விடியப் பேச்சு. கள்ளு ஏறிவிட்டது என்றது ஊர். அவர் கள்ளைத் தொட்டதே இல்லை. அப்புறம் ஆடி முழுக்கத் திண்ணையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாடு விற்ற நஷ்டம் என்று அதற்கும் காரணம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து ஒரு டாக்டரிடம் சொல்ல எங்களுக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

பைபோலாரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு பார்ப்பது வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்யத்தான். மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது. எழுச்சி ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் மேனியா. அவ்வளவு முற்றாமல் நான்கு நாளாவது இருந்தால் ஹைப்போமேனியா. தம்பிக்கு அது நோயாகத் தெரியாது, நன்றாக இருந்த காலம் என்றுதான் சொல்வான். சாட்சி நீங்கள்தான்.

முக்கியமாகத் தூக்கம். கவலையில் தூங்காதவன் மறுநாள் துவண்டு கிடப்பான். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாதவன் கதை வேறு. நம் பக்கத்து டாக்டர்கள் மலையாளத்தில் 'உறக்கம் உண்டோ?' என்பார்கள். 'இல்லை' என்று நிறுத்திவிடாமல் இதையும் சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும்.

இதில் தாமதம் வேண்டாம். பைபோலார் உள்ள சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி பங்குனி வந்துவிடும். அதனால்தான் லித்தியம் போன்ற வேறு மருந்துகள். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். டாக்டரை உடனே கூப்பிடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பேசி யோசனை கேட்க 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

போகும்போது அந்த இரண்டு ஆட்டோவின் கடன் பத்திரங்களையும் எடுத்துப்போங்கள். தேதி அதில் இருக்கும்.