சுவீடிஷ் மொழியில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனிச் சொல் உண்டா?

உண்டு. சுவீடிஷில் 'மூர்' அம்மா, 'ஃபார்' அப்பா, 'ப்ரூர்' சகோதரன். இவற்றை ஒட்டவைத்தால் போதும்: தாய்மாமா 'மூர்ப்ரூர்', பெரியப்பாவும் சித்தப்பாவும் 'ஃபார்ப்ரூர்'. அம்மாவின் அம்மா 'மூர்மூர்', அப்பாவின் அப்பா 'ஃபார்ஃபார்'. எந்த வழிப் பாட்டி என்று நம்மைப் போல விளக்க வேண்டியதே இல்லை! அத்தை 'ஃபாஸ்டெர்', அம்மாவின் சகோதரி 'முஸ்டெர்'. இரண்டும் 'சிஸ்டெர்' (சகோதரி) ஒட்டிச் சுருங்கியவை.

ஆனால் அண்ணன், தம்பிக்குத் தனிச் சொல் கிடையாது. தேவைப்பட்டால் 'பெரிய', 'சின்ன' என்று முன்னால் சேர்ப்பார்கள். உடன்பிறந்தோர் எல்லோருக்கும் பொதுவாக 'சிஸ்கொன்'.

நார்வேயில் பொதுவாக 'ஊங்கெல்' (மாமா, சித்தப்பா), 'தாந்தெ' (அத்தை, சித்தி) என்பதோடு சரி. அப்புறம் ஃபின்னிஷ், அது வேறு மொழிக்குடும்பம். ஆனாலும் அங்கே தாய்மாமா 'ஏனோ', அப்பாவின் சகோதரர் 'சேத்தா'. அத்தை, சித்தி இருவருமே 'தாத்தி'தான்.