நியானா, கார்டினலா? மீன்தொட்டிக் கேள்வி-பதில்

கேள்வி: நியான் டெட்ரா என்று வாங்கிய பத்தில் இரண்டு மட்டும் வேறு மாதிரி இருக்கின்றன. கார்டினலா?

பதில்: சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நியானில் உடம்பின் நடுவிலிருந்துதான் வால்வரை ஓடும். கார்டினலில் செவுளை ஒட்டியே தொடங்கிவிடும். சிவப்பு மங்கி, நீலக்கோடு வாலடிவரை நீண்டிருந்தால் அது பச்சை நியான் என்ற மூன்றாவது வகை. விளக்குப் போட்டவுடன் பார்க்க வேண்டாம். இருட்டில் மூன்றுமே வெளுத்திருக்கும். அரை மணி பொறுங்கள். நியானுக்கு 22-25 டிகிரி போதும், கார்டினல் 26-28 கேட்கும். கலந்து வளர்த்தால் 25-ல் வையுங்கள்.

கேள்வி: பாசி தின்னும் மீன் கேட்டால், கடையில் மூன்று வகையைக் காட்டி எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.

பதில்: ஒன்றே இல்லை. உங்களுக்கு வேண்டியது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். அதன் கறுப்புக்கோடு வாலடியோடு நிற்காமல் வால்துடுப்பின் பிளவுவரை போகும், ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். துடுப்புகளில் நிறமே இருக்காது. ஃப்ளையிங் ஃபாக்ஸில் கறுப்புக்கு மேலே பொன்னிறக் கோடு ஒன்று ஓடும், துடுப்புகளில் கறுப்பும் வெள்ளை விளிம்பும் தெரியும். வளர்ந்தால் மற்ற மீன்களைத் துரத்தும். மூன்றாவது சைனீஸ் ஆல்கே ஈட்டர். கண்ணாடியில் ஒட்டும்போது வெளியிலிருந்து வாயைப் பாருங்கள்: வட்டமான உறிஞ்சுவாய், மீசை கிடையாது. 25 செ.மீ. தாண்டும். பெரிதானதும் பாசியை விட்டுவிட்டு ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை மீன்களின் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும், அந்த இடம் புண்ணாகும். மிரண்ட மீனுக்குக் கோடு மங்கிவிடும். அதனால் பையில் பார்க்கும்போது கோட்டை நம்பாமல் துடுப்பையும் வாயையும் பாருங்கள்.

கேள்வி: பிரிஸ்டில்நோஸ் என்று வாங்கிய சக்கர் மீனுக்கு மீசை முளைக்கவே இல்லை.

பதில்: பெண்ணாக இருந்தால் முளைக்காமலே போகலாம். முதுகுத்துடுப்பை விரித்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, முன்முள்ளை விட்டுவிட்டு, துடுப்பைத் தாங்கும் மற்ற கதிர்களை (குச்சி போன்ற கோடுகளை) எண்ணுங்கள். நுனியில் கிளை பிரியும், எனவே அடியில் எண்ணுவதே சரி. பிரிஸ்டில்நோஸுக்கு 7. பத்துக்கு மேல் வந்தால் பாய்மரச் சக்கர், ஒரு அடியைத் தாண்டி வளரும். தொட்டி போதவில்லை என்று ஏரியில் மட்டும் விடாதீர்கள். சென்னை நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

கேள்வி: கிணற்றில் பிடித்தது பெண் கப்பியா, கொசுமீன் எனப்படும் கம்பூசியாவா?

பதில்: வாலை வெளிச்சத்தில் பாருங்கள். பொடிக் கறும்புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தால் கம்பூசியா. கப்பியோடு விட்டால் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும்.