வளர்ந்தால் அலர்ஜி போய்விடுமா? கேள்வி பதில்

குழந்தைகள் டாக்டராக இருபது வருடம், முட்டை அலர்ஜி இருந்த ஒரு பையனுக்கு அம்மாவாகப் பத்து வருடம். இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு ஒன்றரை வயது. எட்டாம் மாதத்தில் தயிர்சாதம் ஒரு வாய் கொடுத்ததும் உடம்பெல்லாம் காணாக்கடி, உதடு வீங்கி மூச்சு இழுத்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?

பெரும்பாலும் உண்மைதான். பால், முட்டை, கோதுமை அலர்ஜி நிறையக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்தில் போய்விடும், சிலருக்குப் பதின்வயது வரை இழுக்கும். முதல் தடவையே மூச்சு இழுத்ததால் ஆயுசுக்கும் இருக்கும் என்று பயப்படாதீர்கள். ஆனால் போய்விட்டதா என்று வீட்டில் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கவே கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன். ரத்தத்தில் பாலுக்கான ஐஜிஇ, அதாவது அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம், எவ்வளவு என்று அவ்வப்போது பார்ப்போம், அது இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல அறிகுறி. அப்புறம் ஆஸ்பத்திரியில் வைத்து, துளியில் தொடங்கி, சிறிது இடைவெளி விட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போய், முழு அளவு சாப்பிட்ட பிறகும் சில மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனிப்போம். அதைத் தாண்டினால்தான் போய்விட்டது என்று சொல்வேன்.

என் பையனுக்கு ஆறு வயதில் கேக்கில் நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொண்டது. நீண்ட நேரச் சூட்டில் புரதத்தின் வடிவம் மாறிவிடும், இப்படித் தாங்கும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சரியாகவும் செய்கிறது. அடுத்த வருடம் அவித்த முட்டை. அவன் பாட்டுக்குச் சாப்பிட்டான், நான் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: அதுவரை ஆட்டுப்பால் கொடுக்கலாமா மேடம்?

வேண்டாம். எருமைப்பாலும் வேண்டாம். புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், பசும்பால் சேராத பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் சேராது.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நான்கு வயது மகனுக்கு வேர்க்கடலை, முந்திரி இரண்டுமே ஆகாது. புதிதாக ஊசி வந்திருக்கிறதாமே?

வேர்க்கடலை அலர்ஜி ஐந்தில் ஒரு குழந்தைக்குத்தான் போகிறது, முந்திரி வகைகள் பத்தில் ஒருவருக்கு. மீன், இறால் அலர்ஜி பெரும்பாலும் நிலைத்துவிடும். நீங்கள் சொல்வது ஓமலிசுமாப், ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அனுமதி கிடைத்தது. தெரியாமல் கொஞ்சம் வாயில் போய்விட்டால் ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அலர்ஜியைப் போக்காது, ஊசி போட்டாலும் கடலைச் சட்னி கிடையாது.

கேள்வி: மூத்தவளுக்கு வேர்க்கடலை அலர்ஜி. இப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறான், இவனுக்கு மூன்று வயது வரை கடலையே காட்டாமல் இருக்கலாமா?

முன்பு நாங்களே அப்படித்தான் சொன்னோம், அது தவறு. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் கடலை கொடுக்கத் தொடங்கினார்கள், மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. சாப்பிட்டவர்களிடம் கடலை அலர்ஜி ஏறத்தாழ 80 சதவீதம் குறைவு. இவனுக்குக் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் வாக்கில், திட உணவு தொடங்கும்போதே நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: அலர்ஜி சிரப் எப்போதும் பையில் இருக்கிறது. போதாதா?

போதாது. சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சுத் திணறலை நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஊசிதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதிக்காமல். பேனா ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வாங்கி, எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி, போடவும் பழகிக்கொள்ளுங்கள். போட்டதும் குழந்தையைப் படுக்க வையுங்கள், மூச்சு திணறினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் திரும்ப வரலாம்.